நூற்றில் ஒன்று

"உங்க டார்கெட் செத்துப்போச்சும்மா" என்று ஒட்டடைக்குச்சி என் பட்டறை வாசலில் வந்து நின்று சொன்னபோது காலை மணி பதினொன்று. எனக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் போட்ட வேகத்தில் அது உருண்டு போய் அவர் காலடியில் விழுந்தது. மனிதர் ஒரு குதி குதித்தார்.

"யாரு சொன்னது?"

"நம்பர் சொல்லுதும்மா. நொடிக்கு ஒரு லட்சம் அணு வரணும். ஆயிரத்து நூறுதான் வருது."

ஒட்டடைக்குச்சி என்பது நான் வைத்த பெயர். ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் சதை எங்கே என்று தேட வேண்டும். அணுக்கருவை ஆராய்கிறவர். எங்கள் நிலையத்தில் மூன்று நாள் பீம், அதாவது அணுக்கற்றை, வேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டு இரண்டு வருஷம் காத்திருந்தவர். மெதுவாகத்தான் பேசுவார், மரியாதையாகத்தான் பேசுவார். அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடும். சண்டை போட வாகான ஆளே இல்லை.

"சாகறதாவது! நேத்துதான் சூடேத்தி இருக்கு. டைரக்டர் என்ன சொல்றார்?"

அவர் தரையைப் பார்த்தார். "நாலு மணிக்குக் கழட்டிடலாம்னு சொல்லிட்டார். பழைய மாதிரி டார்கெட் ஒண்ணு ஸ்டோர்ல ரெடியா இருக்காம். மிச்ச நாளுக்குக் கிடைச்சதை வெச்சுப் பார்த்துக்கலாம்னு…"

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

கழற்றினால் கழற்றினதுதான். பீம் பட்ட டார்கெட்டின் பக்கத்தில் மனுஷன் போக முடியாது, அவ்வளவு கதிர்வீச்சு. இயந்திரக் கை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய் ஈயச் சுவர் வைத்த அறையில் அடுக்கிவிடும். அங்கே போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதோடு இது வெறும் ஒரு டார்கெட் இல்லை. புது முறையில் நான் செய்த முதல் டார்கெட். ஆறு வருஷம் ஒற்றைக் காலில் நின்று வாங்கின அனுமதி. "ஒரே ஒரு தடவை பார்ப்போம். உள்ளே இருக்கற பொடி இறுகிப்போச்சுன்னா அதோட விட்டுடணும், அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று டைரக்டர் போன மாசம் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

என்ன வேலை இது என்று கேட்பீர்கள். எங்கள் சொந்தக்காரர்களும் கேட்பார்கள், நான் பாதி சொல்வதற்குள் கொட்டாவி விடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். உலகத்தில் எங்கே தோண்டினாலும் கிடைக்காத அணுக்கள் இருக்கின்றன. பிறந்து கண் சிமிட்டுவதற்குள் சிதைந்துபோகிறவை. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நாமே உண்டாக்கி, சூட்டோடு சூடாக வேகம் கொடுத்து அனுப்ப வேண்டும். உண்டாக்குவது என் பாடு. ஒரு சாண் நீளக் குழாய், அதற்குள் யுரேனியம் கார்பைடு வில்லைகள், வரிசையாக. குழாயை இரண்டாயிரம் டிகிரிக்குச் சூடாக்குவோம். ஒரு பக்கத்திலிருந்து புரோட்டான்கள் வந்து மோதும். யுரேனியம் உடைந்து, உடைந்த துண்டுகளில் ஒன்றாக, ஒட்டடைக்குச்சி ஆசைப்படுகிற ரூபிடியம் பிறக்கும். அதன் ஆயுள் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் அது வில்லையிலிருக்கும் நுண்துளைகள் வழியாக வெளியே வந்தாக வேண்டும். பழைய வில்லைகள் கொரகொரப்பான பொடியில் செய்தவை; பெரும்பாலான அணுக்கள் உள்ளேயே உயிரை விட்டுவிடும். நான் பொடியை மாவிலும் மாவாக அரைத்து, துளைகளை நிறைய வைத்தேன். "இவ்வளவு நைஸா இருந்தா சூட்டுல ஒட்டிக்கும், துளையெல்லாம் அடைச்சுக்கும்" என்று ஊரே சொன்னது. ஒட்டாது என்றேன் நான். இப்போது ஆயிரத்து நூறு.

வெளியே வந்த அணுவைப் பிடித்து இழுத்து, பெரிய காந்தத்தில் வளைத்து வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை முடுக்கியில் ஏற்றி விரட்டுவது இன்னொரு கூட்டத்தின் வேலை. சமைப்பது நாங்கள், பரிமாறுவது அவர்கள். சாப்பாடு சரியில்லை என்றால் சமைத்தவள் தலைதான் உருளும். பரிமாறுகிற பக்கம் கட்டுப்பாட்டு அறையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? என் நாத்தனார்.

ஆமாம், என் வீட்டுக்காரரின் சொந்தத் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒரே நிலையத்தில் வேலை. அதனால் இங்கே டார்கெட் பக்கமும் பீம் பக்கமும் முட்டிக்கொண்டால் "அண்ணி நாத்தனார் சண்டை ஆரம்பிச்சாச்சு" என்று காவலாளி வரைக்கும் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவளுக்கு எதற்குமே கோபம் வராது. நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அதுவும் "சரி அண்ணி" என்றிருக்கும். அந்த "சரி அண்ணி"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் பல் டாக்டர். எங்கள் இரண்டு பேர் விஷயத்தில் மட்டும் வாயே திறக்க மாட்டார்.

அன்று காலை ஏழே முக்காலுக்கே அவளுக்கு ஒரு டோஸ் விட்டிருந்தேன். மேஜை ஃபோனில் கூப்பிட்டு, "இன்னும் என்னடி உருட்டிக்கிட்டிருக்க? என் டார்கெட் சூடாகி உக்காந்திருக்கு. மசமசன்னு நிக்காம பீமை அனுப்பு" என்று மூச்சுவிடாமல் இரண்டு நிமிஷம். "சரி அண்ணி" என்றாள். வைத்துவிட்டேன்.

இப்போது ஒட்டடைக்குச்சியைப் பின்னால் விட்டுவிட்டு, படி இரண்டிரண்டாக ஏறிக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன். பன்னிரண்டு திரை, ஆறு நாற்காலி, நடு நாற்காலியில் நாத்தனார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு டைரக்டர். வழுக்கைத் தலை, கசங்காத சட்டை, அளந்து அளந்து பேசும் மனிதர்.

"எங்கடி போச்சு என் பீம்?"

"அண்ணி, காந்தம் சரியா இருக்கு. மின்னழுத்தம் சரியா இருக்கு. முடுக்கியை ஒத்திகை பீம் வெச்சு டியூன் பண்ணப்போ நல்லா வந்துச்சு. எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"அப்ப என் டார்கெட்தான் உதவாக்கரைன்னு சொல்ற!"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லாம சொல்றியே, அது போதாதா!"

"போதும்" என்றார் டைரக்டர். "எதிர்பார்த்ததுதான் நடந்திருக்கு. பொடி இறுகிடுச்சு. யார் மேலயும் குத்தம் இல்ல. நாலு மணிக்கு மாத்திடலாம்."

யார் மேலும் குற்றம் இல்லையாம்! அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. என் பேரில் குற்றம் இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேளுங்கள், தாங்கிக்கொள்வேன். இரக்கப்பட்டுச் சொன்னால் எனக்கு ஆகாது. அழுகை முட்டியது. அழுதால் அவ்வளவுதான், பொம்பளை அழுகிறாள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன்.

"சார், ஒரே ஒரு சோதனை. இதே ரூபிடியத்துல கால் மணி நேரம் உயிரோட இருக்கற வகை ஒண்ணு இருக்கு இல்ல? அதை எண்ணிப் பார்ப்போம்."

"அதை எண்ணி?"

"துளை அடைச்சிருந்தா யாருக்குக் கஷ்டம்? அவசரமா வெளியே வரவேண்டியவனுக்குத்தான். கால் மணி நேரம் இருக்கறவன் ஆற அமர ஊர்ந்தாவது வந்துடுவான். அவன் முழுசா வந்து, இவன் மட்டும் குறைஞ்சிருந்தா, பொடி இறுகிடுச்சுன்னு நானே ஒத்துக்கறேன். நானே கையெழுத்துப் போட்டு டார்கெட்டைக் கழட்டச் சொல்றேன்."

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "காந்தத்தை மாத்தி, எண்ணி, திரும்பக் கொண்டுவர நாலு மணி நேரம் ஆகும். அது இவரோட நேரம்."

எல்லோரும் ஒட்டடைக்குச்சியைப் பார்த்தோம். மேல்மூச்சு வாங்கியபடி அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தார். இரண்டு வருஷம் காத்திருந்து வாங்கின மூன்று நாளில் நாலு மணி நேரம் என்றால் சும்மாவா?

"எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார் அவர். "பழைய டார்கெட்ல நொடிக்குப் பத்தாயிரம்தான் வரும். அதை வெச்சுக்கிட்டு நான் தேடறது கிடைக்காது. எனக்கும் அவங்க டார்கெட்தான் வேணும்."

அடப் பாவி மனுஷா! இவ்வளவு நல்லவரையா காலையில் ஸ்பேனரால் அடிக்கப் பார்த்தேன் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

நாத்தனார் காந்தத்தை மாற்றினாள். கொஞ்சம் மாற்றுவாள், காத்திருப்பாள், மறுபடி கொஞ்சம். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நகத்தைக் கடித்தேன். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், ஆறி ஆடை கட்டியது. எண்ணும் கருவி முடுக்கிக்குள் நுழைகிற இடத்திலேயே இருந்ததால், அதுவரை கொண்டுவந்தால் போதும். இரண்டரை மணிக்கு எண் வந்தது. பழைய டார்கெட்டுகளே அந்த நீண்ட ஆயுள் வகையை நொடிக்கு ஐம்பது லட்சம் கொடுக்கும். வருஷக்கணக்காகத் தெரிந்த கணக்கு.

திரையில் ஐம்பதாயிரம்.

டைரக்டர் பெருமூச்சு விட்டார். "இதுவும் வரலைம்மா. ரெண்டுமே போச்சு. அப்ப நிலைமை இன்னும் மோசம்."

"மோசமா? இல்லவே இல்ல சார்!" எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, ஆனால் கோபத்தில் இல்லை. "அவசரக்காரனும் குறைஞ்சிருக்கான், சாவகாசமா வர்றவனும் குறைஞ்சிருக்கான், ரெண்டு பேரும் ஒரே அளவுல குறைஞ்சிருக்காங்க. துளை அடைச்சா அப்படிக் குறையாது. ரெண்டு பேரும் என் வீட்டைவிட்டு ஒழுங்கா வெளியே வந்துட்டாங்க. போற வழியில எங்கயோ காணாமப் போறாங்க. ஒரு லட்சத்துக்கு ஆயிரம். அம்பது லட்சத்துக்கு அம்பதாயிரம். ரெண்டுமே நூத்துல ஒண்ணு!"

"நூத்துல ஒண்ணா?" என்றாள் நாத்தனார்.

அவள் குரல் மாறியதைக் கவனித்துத் திரும்பினேன். முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் நகர்ந்து, திரையில் யாரும் திறக்காத இரண்டாம் பக்கத்தைத் திறந்தது. அங்கே 'தட்டு' என்று ஒரு சின்னப் பச்சைக் கட்டம். அதில் 'உள்ளே' என்றிருந்தது.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அரிய அணுக்கள் கொஞ்சமே கொஞ்சம். அவற்றை வைத்து வழியைச் சரிசெய்ய முடியாது. அதனால் முதலில் சாதாரண அணுக்களை ஏராளமாக அனுப்பி ஒத்திகை பார்ப்பார்கள். அந்த வெள்ளம் அப்படியே போனால் ஆராய்ச்சிக்காரரின் நுட்பமான கருவிகள் பாழாகிவிடும். ஆகவே முடுக்கிக்கு முன்னாலேயே குறுக்கே ஒரு தட்டை இறக்குவார்கள். ஊசித்துளைகள் போட்ட தட்டு. நூறு அணு வந்தால் ஒன்றைத்தான் விடும். ஒத்திகை முடிந்ததும் தட்டைத் தூக்கிவிட்டு, உண்மையான பீமைத் திறக்க வேண்டும்.

"தட்டு இறங்கியே இருக்கு" என்றாள் நாத்தனார். அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "நான்தான் தூக்கலை. காலையிலேர்ந்து உள்ளேயே இருக்கு. டார்கெட் மேல தப்பே இல்ல."

சத்தமில்லாமல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "அட, வந்துடுச்சே" என்று அவள் சொல்லியிருக்கலாம். டார்கெட் சில சமயம் தாமதமாக விழித்துக்கொள்வது உண்டு. ஒரு ஈ காக்காய் கேட்டிருக்காது. அவள் அப்படிச் செய்யவில்லை. அப்புறம்தான் பொத்தானை அழுத்தினாள், காந்தத்தையும் திருப்பினாள். மூன்றரைக்கு ஒட்டடைக்குச்சியின் ரூபிடியம் மறுபடி வந்தபோது திரையில் எண் விறுவிறுவென்று ஏறி, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் போய் நின்றது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ஒட்டடைக்குச்சி நீளக் காலை வீசிப் போட்டுக்கொண்டு தன் கருவிகளிடம் ஓடினார். டைரக்டர் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "ஒரு லட்சத்துப் பத்தாயிரமா! பழசைவிடப் பதினோரு மடங்கு!" என்று இரண்டு தடவை சொன்னார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "தட்டை மறந்தவங்க ஒரு மாசம் இந்த நாற்காலியில உக்காரக் கூடாது. ரூல் உங்களுக்குத் தெரியும். எப்படிம்மா ஆச்சு? நீங்க மறக்கற ஆள் இல்லையே."

"கவனம் சிதறிடுச்சு சார். என் தப்புதான்" என்று பதிவேட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள்.

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். காலைச் சரிபார்ப்புத் தாள் பக்கத்திலேயே விரிந்திருந்தது. ஏழு நாற்பத்து நாலு, ஒத்திகை பீம் நிறுத்தம், ஒரு டிக். அடுத்த வரி தட்டைத் தூக்குவது. அதற்கும் ஒரு டிக், ஏழு நாற்பத்தெட்டு என்று. நடுவில் நாலு நிமிஷம்.

ஏழே முக்கால். என் ஃபோன்.

யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. தட்டைத் தூக்கப் போன கை என் ஃபோனை எடுத்திருக்கிறது. நான் கத்தி முடித்தபோது, தூக்கியாகிவிட்டது என்ற நினைப்பில் டிக் போட்டிருக்கிறாள். ஒத்திகைக்கும் உண்மைக்கும் நடுவில் அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரியும். அது எரியும்போது அந்த மேஜைக்கு யாரும் ஃபோன் செய்யக் கூடாது. அந்த ரூலைப் போட்ட கமிட்டியில் நானும் ஒருத்தி!

நாத்தனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் சும்மா இருந்தேன். டைரக்டர் இப்போதுதான் கை குலுக்கியிருக்கிறார், ஆறு வருஷத்துக்கு அப்புறம் நல்ல பேர் கிடைத்திருக்கிறது, அவளே ஒன்றும் சொல்லவில்லை, நமக்கென்ன என்று நின்றேன். அவள் ஒரு வரி எழுதி முடித்தாள். இரண்டாவது வரி எழுதினாள். கையெழுத்துப் போடப் போனாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சார், அவ கவனம் தானாச் சிதறலை. நான்தான் சிதற வெச்சேன். ஏழே முக்காலுக்கு நான் ஃபோன் பண்ணிக் கத்தினேன். சிவப்பு விளக்கு எரியுதான்னு கேக்கக்கூட இல்ல."

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க டார்கெட்டை நீங்களே கொல்லப் பார்த்திருக்கீங்க."

"ஆமா சார்."

"அதுவும் எழுதுங்க."

எழுதினேன். அவர் இரண்டையும் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இந்த பீமோட போக்கு இவங்களுக்குத்தான் தெரியும். அதனால மூணு நாளும் இவங்களே உக்காரட்டும். பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து டிக் போடட்டும். மாசத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். நீங்க, மூணு நாள் முடியற வரைக்கும் இந்த அறைக்குள்ள காலடி வெக்கக் கூடாது. ஃபோனும் கூடாது."

என் டார்கெட்டிலிருந்து வரும் பீமை நான் பார்க்கக் கூடாது! வேறு நாளாக இருந்தால் கூரையைப் பிய்த்திருப்பேன். "சரி சார்" என்று வெளியே வந்தேன்.

பட்டறையில் வந்து உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. என் வில்லைகள் இறுகவில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே "சரி அண்ணி" ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அவள் வேலை முடிந்து வந்தாள். கையில் ஒரு தாள். இனி மூன்று டார்கெட்டுகள் என் முறையிலேயே செய்யலாம் என்று டைரக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"உங்ககிட்டக் கொடுக்கச் சொன்னார்" என்றாள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். நடுவில் ஒரு சின்ன மேடு. "ரூபிடியத்தோட அணுக்கருவுலேர்ந்து வர்ற காமா கதிர் அண்ணி. இந்த இடத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு இதுவரைக்கும் உலகத்துல யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் காத்திருந்த அந்த மனுஷர் சின்னப் பிள்ளை மாதிரி அழறார்."

மேட்டைப் பார்த்தேன். கண் மறைத்தது.

"என் தப்புதான்டி" என்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் முதல் தடவை.

"தெரியும் அண்ணி."

"தெரியுமா? எப்போ தெரியும்?"

"தட்டைப் பார்த்த உடனே."

எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சா அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! எதுக்குடி உன் தலையில போட்டுக்கிட்ட? ஒரு மாசம் நாற்காலி போகும்னு தெரியாதா உனக்கு?"

"உங்க பேரைச் சொன்னா டைரக்டர் கோபத்துல டார்கெட்டையும் சேர்த்துக் கழட்டிடுவாரோன்னு பயமா இருந்துச்சு" என்றாள் அவள். "நாற்காலி ஒரு மாசத்துல திரும்பக் கிடைச்சுடும். டார்கெட் போனா போனதுதானே."

அவள் கையைப் பிடித்துப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். அந்த மேட்டை இன்னொரு தடவை, கொஞ்சம் பெரிதாக, வரைந்து காட்டச் சொன்னேன்.